ஒரே மூட்டை, 23 பாக்கெட்: தீவனப் பரிசோதனைச் சங்கம் ஒன்றின் சுற்றுச் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்கு மாவட்டங்களில் தீவனம் பரிசோதிக்கும் 23 லேப்கள் உறுப்பினராக உள்ள சங்கம் இது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. உறுப்பினர்களில் ஒன்பது பேர் கோழித்தீவன ஆலை லேப்கள், ஆறு பேர் மாட்டுத்தீவன ஆலைகள், மூவர் சைலேஜ் (காற்றுப்புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) தயாரிப்பவர்கள், இருவர் பெரிய பால் பண்ணைகள், மூவர் கட்டணத்துக்குப் பரிசோதிக்கும் தனியார் லேப்கள். ஆண்டுச் சந்தா 12,000 ரூபாய். இந்தச் சந்தாவுக்குச் சங்கம் தரும் முக்கியச் சேவை ஒன்றே ஒன்றுதான்: சுற்றுச் சோதனை. ஒரே பொருளைப் பிரித்து எல்லா லேபுக்கும் அனுப்பி, வரும் முடிவுகளை ஒப்பிட்டு, யார் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று சொல்வது.

விலகலை இசட் மதிப்பெண்ணாகக் கணக்கிட்டார்கள். லேப் சொன்ன மதிப்பிலிருந்து ஒப்புநோக்கு மதிப்பை, அதாவது சரியென்று எடுத்துக்கொள்ளும் எண்ணை, கழித்து, அனுமதிக்கப்பட்ட சிதறலால் வகுப்பது. 2க்குள் இருந்தால் சரி, 2 முதல் 3 வரை எச்சரிக்கை, 3ஐத் தொட்டால் தோல்வி. சிதறலை ஹார்விட்ஸ் சூத்திரப்படி, அதாவது பொருளின் அளவை வைத்து லேபுக்கு லேப் எதிர்பார்க்கும் வித்தியாசத்தைச் சொல்லும் சூத்திரப்படி, எடுத்தார்கள். 17 சதவீதப் புரதத்துக்கு அது 0.44 வரும். இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. ஆண்டுக்கு நான்கு சுற்று. அதில் மூன்றில் தேறினால் உலர்பொருள் (ஈரம் போக மீதி), புரதம், நார், சாம்பல் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்.

இரண்டு ஏற்பாடுகளை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒப்புநோக்கு மதிப்பு என்பது சங்கத்தைத் தொடங்கிய ஐந்து லேப்களின் சராசரி. 'அனுபவம் உள்ளவர்கள்' என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இரண்டு, அறிக்கையில் லேபின் பெயருக்குப் பதில் உறுப்பினர் எண் இருக்கும். ஆனால் யாருக்கு எந்த எண் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புகார்

ஒன்பது சுற்றுகள் முடிந்த நிலையில் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உறுப்பினர் எண் 21, மக்காச்சோள சைலேஜ் தயாரிப்பவர். அவரிடம் வாங்குபவர் எண் 4, பால் பண்ணை, தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். ஒப்பந்தம் இப்படி: 33 சதவீத உலர்பொருள் அடிப்படையில் கிலோ 7 ரூபாய், உலர்பொருள் குறைந்தால் அதே விகிதத்தில் விலை குறையும், கூடினால் கூடுதல் கிடையாது.

18 டன் லோடு ஒன்றுக்கு விற்பவரின் லேப் 34.6 சதவீதம் என்றது. வாங்குபவரின் லேப் 30.9 என்றது. 34.6 என்றால் முழு விலை, 1,26,000 ரூபாய். 30.9 என்றால் 1,17,982. ஒரு லோடில் 8,000 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த மாதம் 11 லோடு போயிருந்தது, எல்லாவற்றிலும் வித்தியாசம் கிட்டத்தட்ட இதே அளவு, இதே திசை. இரு லேபிடமும் உலர்பொருளும் அடங்கிய, சங்கத்தின் செல்லுபடியான சான்றிதழ் இருந்தது. "இரண்டில் எது சரி என்று சங்கம் சொல்லட்டும்" என்பதுதான் கடிதம்.

செயற்குழுவில் பேச்சு எடுத்த எடுப்பிலேயே உலர்பொருளை விட்டு விலகியது. பண்ணைத் தரப்பு சொன்னது: "ஏங்க, மூணு சுத்து புரோட்டீன்ல ஃபெயிலான லேப்புங்க அது. அவுங்க சொல்ற நம்பரை வெச்சு நாங்க காசு கொடுக்கணுமா?" அதற்கு எண் 21இன் லேப் பொறுப்பாளர் சொன்ன பதில் அன்று யாருக்கும் பெரிதாகப் படவில்லை: "அண்ணா, புரோட்டீன் மட்டும் கூட வந்தா என் தப்புன்னு ஒத்துக்குவேன். சாம்பலும் சேர்ந்து கூடுதே, அதுக்கு யாரு காரணம்?"

செயற்குழு இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. பணத் தகராறில் சங்கம் தீர்ப்புச் சொல்லாது, தொழில்நுட்பக் காரணத்தை மட்டும் கண்டு எழுதித் தரும் என்றும் அன்றே தீர்மானித்தார்கள். சரியான எல்லை அது. சந்தா கட்டும் இரண்டு பேருக்கு நடுவே பணக் கணக்கில் இறங்கியிருந்தால் விசாரணை அங்கேயே நின்றிருக்கும்.

சான்றிதழ் எதைச் சோதித்தது

முதல் கேள்விக்கான விடையில் பாதி சங்க அலுவலகத்திலேயே கிடைத்தது. ஒன்பது சுற்றிலும் அனுப்பப்பட்டவை எல்லாம் காய்ந்து அரைத்த மாவு. ஈரம் 8 முதல் 10 சதவீதம். அதை 105 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து எடுத்தால் எந்த லேபுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும்; எல்லோரும் தேறியிருந்தார்கள். தகராறில் உள்ளதோ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் உள்ள, புளித்த, நறுக்கிய தட்டை. மாதிரி எடுப்பது, கட்டி எடுத்துவருவது, முதல் உலர்த்தல் என்று தவறு நேரும் இடங்கள் எதுவும் சோதனைக்குள் வரவே இல்லை. மாவு கூரியரில் போகும், கெடாது, செலவு குறைவு, அதனால் மாவு. ஆனால் சான்றிதழில் 'உலர்பொருள்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது.

அடுத்து, ஒரே சைலேஜைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, கூம்பாக்கி, நாலாகப் பிரித்து, இரு லேபுக்கும் சங்கத்தில் சேராத ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கும் கொடுத்தார்கள். எண் 21 சொன்னது 33.9. எண் 4 சொன்னது 31.6. கல்லூரி ஆய்வகம் முதலில் 60 டிகிரியில் 48 மணி நேரம், அரைத்த பின் 105 டிகிரியில் 3 மணி நேரம் என்று இரண்டு கட்டமாகச் செய்து 32.4 என்றது. ஆக, முதல் லோடில் இருந்த 3.7 வித்தியாசத்தில் 2.3 ஓவனில் பிறந்தது, மீதி 1.4 மாதிரி எடுத்த விதத்தில்.

ஓவனில் நடந்ததை நேரில் போய்ப் பார்த்தார்கள். எண் 21இன் லேபில் ஒரு அலுமினியத் தட்டில் 500 கிராமைக் குவித்து, 60 டிகிரியில், 24 மணி நேரம். மறுநாள் காலை எடுத்த குவியல் மேலே மொறுமொறுப்பாக இருந்தது. நடுவில் விரலை விட்டுப் பிரித்தால் உள்ளே கறுத்து, தோல்போல் வளைந்தது. புளித்த வாடை போகவில்லை. அதை அப்படியே எடைபோட்டு 'உலர்பொருள்' என்று எழுதிவிட்டார்கள். இரண்டாம் கட்டம் இல்லை. அந்த எச்சத்தை அரைத்து 105இல் வைத்தபோது இன்னும் 4.4 சதவீத ஈரம் இறங்கியது. 33.9இல் அதன் 4.4 சதவீதத்தைக் கழித்தால் 32.4, கல்லூரி ஆய்வகம் சொன்ன அதே எண்.

எண் 4இன் லேபில் தவறு எதிர்த்திசையில். ஈரச் சைலேஜை நேராக 105 டிகிரியில் இரவு முழுக்க வைத்தார்கள். சைலேஜில் தண்ணீரோடு அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியும் ஆவியாகும். அவையும் தீவனம்தான், மாட்டுக்கு எரிசக்தி தருபவை. ஓவன் அவற்றைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறது. 60 டிகிரியிலும் இந்த இழப்பு உண்டு, அளவு குறைவு.

மாதிரி எடுத்ததிலும் இருவரும் சரியில்லை. விற்பவர் ஆலையில், சைலேஜைப் பேலாக (இறுக்கிய கட்டாக) கட்டும் பேலர் இயந்திரத்தின் வாயிலேயே எடுத்து, மெல்லிய பாலித்தீன் கவரில் முடிச்சுப் போட்டு, மதியம் வரை மேசையில் வைத்திருந்தார்: ஈரம் போய் எண் கூடும். வாங்குபவர் லாரியின் கடைசியில் இருந்த ஒரே ஒரு பேலைப் பிரித்துக் கையால் அள்ளினார்: 300 பேல் உள்ள லோடுக்கு அந்த ஒரு பேல்தான் சாட்சி.

பாக்கெட் எண்

இரண்டாவது கேள்வி, எண் 21 ஏன் புரதத்தில் திரும்பத் திரும்பத் தோற்றது என்பது. செயலாளர் கடைசியாகத் தோற்ற சுற்றை எடுத்தார். பொருள், வேலிமசால் மாவு. ஒப்புநோக்குப் புரதம் 16.5. எண் 21 சொன்னது 17.9. இசட் 3.18, தோல்வி.

லேப் பொறுப்பாளர் சொன்ன சாம்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒப்புநோக்கு 9.8, எண் 21 சொன்னது 11.7. நார் குறைவு. புரதம் கெல்டால் முறையில் வருவது; கந்தக அமிலத்தில் செரித்து, வடித்து, டைட்ரேட் செய்வது. சாம்பல் மஃபிள் ஃபர்னஸில் எரித்து வருவது. இரண்டுக்கும் பொதுவான கருவி தராசு மட்டுமே, தராசு தவறினால் நாரும் அதே திசையில் போயிருக்க வேண்டும். தொடர்பில்லாத இரண்டு வேலைகள் ஒரே பக்கம் கூடி, மூன்றாவது குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லேபை அல்ல, பாக்கெட்டை.

23 முடிவுகளையும் உறுப்பினர் எண் வரிசையில் ஒரு வரைபடத்தாளில் புள்ளியிட்டார்கள். 1 முதல் 8 வரை புரதம் 16.4 முதல் 16.9. 17 முதல் 23 வரை 17.5 முதல் 18.0. நடுவில் உள்ளவை நடுவில். சாம்பலும் அதே ஏற்றம். தேதிப்படி பின்னால் சேர்ந்த லேப்கள் எல்லாம் ஒரே திசையில் 'தவறு' செய்திருக்க முடியாது.

பாக்கெட் போடும் முறையைக் கேட்டதும் விஷயம் வெளிவந்தது. அரவையில் இருந்து இரண்டரை கிலோ மாவு ஒரு மூட்டையாக வரும், 14 கிலோமீட்டர், இருசக்கர வாகனத்தில். அலுவலகத்தில் மூட்டையை அவிழ்த்து, கரண்டியால் மேலிருந்து 100 கிராம் அள்ளி ஒன்றாம் எண் கவரில், அடுத்த கரண்டி இரண்டாம் எண்ணில், இப்படி 23 வரை. அதாவது எண் 1க்கு எப்போதும் மூட்டையின் தலை, எண் 23க்கு எப்போதும் அடி.

வேலிமசாலில் இலை நொறுங்கித் தூளாகும். தண்டு நாராக நிற்கும். குலுங்கும்போது தூள் நார்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். இலைத்தூளில் புரதம் அதிகம், ஒட்டிய மண்ணும் அதோடுதான் இறங்கும். அடியில் புரதமும் சாம்பலும் கூடி நார் குறைந்தது இதனால்தான். இதற்கு மேல், ஒப்புநோக்கு மதிப்பு எண் 1 முதல் 5 வரை உள்ள ஐந்து பேரின் சராசரி. ஐவருக்கும் மூட்டையின் தலைப்பகுதி. அவர்களுடைய சராசரி அந்த மூட்டையின் சராசரியே அல்ல. 23 பேரின் இடைநிலை மதிப்பை எடுத்தால் 17.1 வருகிறது, அப்போது எண் 21இன் இசட் 1.82, தேர்ச்சி.

பழைய சுற்றுகளையும் இதே போல் வரைந்தார்கள். நார்த்தீவனம் அனுப்பிய ஐந்து சுற்றிலும் சரிவு ஒரே திசையில் இருந்தது, கடலைக்கொடியில் அதிகம். கலப்புத் தீவனம் அனுப்பிய நான்கில் சரிவு இல்லை. பெல்லட்டை மறுபடி அரைத்தால் துகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் பிரிவதற்கு அங்கே எதுவும் இல்லை. எண் 21 கலப்புத் தீவனத்தில் ஒருமுறையும் தோற்றதில்லை என்பது அறிக்கையிலேயே இருந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

உறுதிப்படுத்த ஒரு சோதனை செய்தார்கள். பழைய முறையிலேயே பாக்கெட் போட்டு, பத்து பாக்கெட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை, வரிசை கலைத்து, ஒரே லேபில் புரதம் பார்த்தார்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் சிதறல் 0.52. சுற்றுச் சோதனைப் புள்ளியியலுக்கான ஐஎஸ்ஓ 13528 சொல்லும் வரம்பு, அனுமதிக்கப்பட்ட சிதறலில் பத்தில் மூன்று பங்கு, இங்கே 0.13. நான்கு மடங்கு. பத்து பாக்கெட், இருபது கெல்டால், ஒன்றரை நாள் வேலை. முதல் சுற்றுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

எண் 19

வரைபடத்தைப் பார்த்த பிறகு தனியார் லேப் ஒன்று, எண் 19, தானாக முன்வந்து சொன்ன தகவல்தான் இந்த நிகழ்வில் மிகவும் வருத்தத்துக்குரியது. தொடர்ந்து 'புரதம் கூடுதல்' என்று அறிக்கை வந்ததால் அமிலத்தை மாற்றினார்கள், புதிய பியூரெட் வாங்கினார்கள், மாதிரி போடாமல் செய்யும் வெற்றுச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எதுவும் குறையவில்லை. கடைசியில் கணக்குத்தாளில் எல்லா முடிவையும் 0.95ஆல் பெருக்கும்படி வைத்துவிட்டார்கள். அடுத்த நார்த்தீவனச் சுற்றில் தேறினார்கள்; வாடிக்கையாளர் மாதிரிகளுக்கும் அந்தப் பெருக்கல் ஏழு மாதம் ஓடியது.

இதன் விளைவைக் கணக்காகப் பார்க்கலாம். இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 2052இன்படி இரண்டாம் வகை மாட்டுத்தீவனத்துக்குப் புரதம் குறைந்தது 20 சதவீதம். உண்மையில் 20.4 உள்ள தீவனம் இந்த லேபில் 19.4 ஆகித் தரத்துக்குக் கீழே போகும். சரியாக அளந்துகொண்டிருந்த லேபைச் சங்கத்தின் மதிப்பெண் தவறாக அளக்கவைத்திருந்தது. கலப்புத் தீவனச் சுற்றில் அதே லேபின் இசட் திடீரென மைனஸ் 2க்குப் பக்கத்தில் இறங்கியதும் பதிவில் இருக்கிறது. 2ஐத் தாண்டாததால் கேள்வி எழவில்லை.

பழைய மதிப்பெண்களை என்ன செய்வது

செயற்குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இனிமேல் திருத்திக்கொள்வது, பழையதைப் பேசாமல் விடுவது. இரண்டாவது, பாக்கெட் எண்ணுக்கான சரிவைக் கணக்கில் நீக்கி மதிப்பெண்ணை மறுபடி போடுவது. மூன்றாவது, ஐந்து சுற்றின் புரதம், நார், சாம்பல் மதிப்பெண்களை ரத்து செய்வது.

இரண்டாவது வழிக்கு ஆதரவு இருந்தது, கணக்குத் தெரிந்தவர்கள்தான் கேட்டார்கள். அதைத் தள்ளியதற்குக் காரணம் எளிது. இரண்டு சுற்றில் மாவு போதாமல் நடுவில் இன்னொரு மூட்டை அவிழ்க்கப்பட்டது. எந்த எண்ணில் மாறியது என்று எழுதி வைக்கவில்லை. எண்ணுக்கும் ஆழத்துக்கும் உள்ள உறவு தெரியாமல் செய்யும் திருத்தம் ஊகம்தான். முதலாவது வழியை எண் 19இன் வாக்குமூலம் மூடிவிட்டது. மூன்றாவதைத் தேர்ந்தார்கள். ரத்துக் கடிதம் 23 பேருக்கும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில் போனது. தவறு பாக்கெட் போட்டதில் நேர்ந்தது, லேப்களிடம் இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதினார்கள். எண் 19 தன் ஏழு மாத அறிக்கைகளைத் திருத்தி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது தனிக் கடிதம்.

பொதுக்குழு

ஒப்புநோக்கு மதிப்பை முடிவுசெய்யும் உரிமையைத் தொடக்க உறுப்பினர்களிடமிருந்து நீக்க விதியைத் திருத்த வேண்டும், சிறப்புத் தீர்மானம். எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே செயலாளர் புள்ளிவிவரத்தோடு ஒரு கண்ணாடி ஜாடியையும் கொண்டுபோனார். வேலிமசால் மாவைக் கலக்கி ஜாடியில் போட்டு, மேசையில் இருபது தட்டு தட்டினார். மேலே மஞ்சள் நிறத் தண்டு நார், கீழே கரும்பச்சைத் தூள், நடுவில் கோடு போட்டதுபோல் பிரிவு. அதற்குப் பிறகு இசட் மதிப்பெண் பற்றி யாரும் கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. தொடக்க உறுப்பினர் ஒருவர் மட்டும் அடுத்த மாதம் விலகினார். மீதச் சந்தாவைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று முடிவானவை: தொழில்நுட்பக் குழு செயற்குழுவிலிருந்து பிரிக்கப்படும், மூவரில் இருவர் எந்த உறுப்பினர் லேபிலும் வேலை செய்யாதவராக இருப்பர். ஒப்புநோக்கு மதிப்பு எல்லா லேப்களின் இடைநிலை மதிப்பு. சிதறல் எண் ஹார்விட்ஸ் முறையிலேயே தொடரும். பாக்கெட் எண்ணுக்கும் உறுப்பினர் எண்ணுக்கும் தொடர்பு இராது. சீட்டுக் குலுக்கிப் போடப்படும், பட்டியல் தொழில்நுட்பக் குழுவில் ஒருவரிடம் மட்டும். சான்றிதழில் நான்கும் தனித்தனியாக வரும், 'காய்ந்த மாவில் உலர்பொருள்' என்றும் 'ஈரச் சைலேஜில் உலர்பொருள்' என்றும் பிரித்தே எழுதப்படும். சந்தா 15,000, ஈரச் சைலேஜ் சுற்று விரும்புவோருக்கு மட்டும், சுற்றுக்கு 2,500 தனி.

மாற்றிய முறை

மாவுச் சுற்று: பொருளை 60 டிகிரியில் உலர்த்தி, வெட்டு அரவையில் 1 மில்லிமீட்டர் சல்லடையில் விடுகிறார்கள். சல்லடையில் தங்கும் தண்டைக் கொட்டிவிடும் பழக்கம் பல அரவைகளில் உண்டு. தங்குவது பெரும்பாலும் நார்தான், கொட்டினால் நார் அளவு அங்கேயே குறைந்துவிடும். முழுதும் இறங்கும்வரை திரும்ப அரைக்க வேண்டும். பிறகு 3.84 கிலோவை ரிஃபிள் டிவைடரில் ஆறு முறை பாதிபாதியாகப் பிரித்தால் 64 பாக்கெட், ஒவ்வொன்றும் சுமார் 60 கிராம். கரண்டியே கிடையாது. 10 பாக்கெட் ஒருமைச் சோதனைக்கு, அதாவது எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரியா என்று பார்ப்பதற்கு. முடிவு வரம்புக்குள் வந்த பிறகே மற்றவை அனுப்பப்படும். முதல் தொகுப்பில் பாக்கெட்டுக்குப் பாக்கெட் சிதறல் 0.09. லேப்களுக்குப் போனது போக மிஞ்சியவற்றை மதிப்பு குறிப்பிட்டு, அன்றாடச் சரிபார்ப்புக்கு உறுப்பினர்களுக்கே விற்கிறார்கள்.

நாரில் தனிச் சிக்கல் ஒன்று இந்தச் சுற்றுகளில் தெரிந்தது. மக்காச்சோளச் சைலேஜ் மாவில் மூன்று லேப்கள் என்டிஎஃப் (நடுநிலைக் கரைசலில் கரையாத நார்) மிக உயர்வாகச் சொன்னார்கள். வெப்பம் தாங்கும் அமைலேஸ் நொதியைச் சேர்க்காததுதான் காரணம்: தானிய மாவுச்சத்து கரையாமல் நாரோடு நின்று, வடிகட்டியையும் அடைத்துவிடும். வடிய நேரம் பிடித்தால் அமைலேஸ் விட்டுப்போனதா என்று பார்க்கச் சொல்லிச் செயல்முறைத் தாளில் சேர்த்தார்கள். புல்லிலும் வேலிமசாலிலும் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

ஈரச் சைலேஜ் சுற்று: தார்ப்பாயில் கலந்து நாலாகப் பிரித்து, 400 கிராம் வாக்குவம் கவரில் அடைத்து, மூடிய எடையைக் கவரிலேயே எழுதுகிறார்கள். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸோடு பஸ் பார்சலில் அன்று மாலையே போய்விடும். பெறும் லேப் முதலில் கவரோடு எடைபோட வேண்டும். அரை கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் ஓவனில் வைக்காமல் தெரிவிக்க வேண்டும். மறுநாள் காலை 10 மணிக்கு எல்லோரும் ஓவனில் வைக்க வேண்டும். தட்டில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பரப்பக் கூடாது. 60 டிகிரி, 48 மணி நேரம், நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். அரைத்து, 105 டிகிரியில் 3 மணி நேரம், டெசிகேட்டரில் (காற்றின் ஈரம் ஏறாத மூடிய பாத்திரம்) ஆறவைத்து எடை. இரண்டு கட்டத்தின் மதிப்பையும் பெருக்கி எழுத வேண்டும். கூட்டுவதோ கழிப்பதோ இல்லை. முதல் கட்டத்தில் 34, இரண்டாவதில் 95 என்றால் உலர்பொருள் 32.3.

லோடு மாதிரிக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தார்கள். ஏற்றியதில் குறைந்தது 10 பேல், முன், நடு, பின் என்று பரவலாக. துளைக்குழாயால் 45 சென்டிமீட்டர் ஆழம். துளையை உடனே டேப்பால் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம். எடுத்ததை ஒன்றாகக் கலந்து இரண்டு வாக்குவம் கவர்: ஒன்று வாங்குபவர் லேபுக்கு, ஒன்று விற்பவரின் ஃப்ரீசரில். 11 லோடிலும் அந்த இரண்டாவது கவர் இல்லாததால்தான் பழைய கணக்கைத் திறக்க வழியே இல்லாமல் போனது.

பின்விளைவு

தகராறில் இருந்த இருவரும் சங்கத்தின் எழுத்துக் குறிப்பை வைத்து, பிடித்தம் செய்த தொகையில் பாதியை விட்டுக்கொடுத்து முடித்தார்கள். புதிய ஒப்பந்தத்தில் இரண்டு கட்ட உலர்த்தலும் 10 பேல் மாதிரியும் நிபந்தனையாக எழுதப்பட்டன.

முதல் ஈரச் சுற்றில் 14 லேப்கள் சேர்ந்தன. முடிவுகள் 31.0 முதல் 34.3 வரை விரிந்தன, 3.3 புள்ளி. செயல்முறைத் தாளோடு நடந்த இரண்டாவது சுற்றில் விரிவு 1.2 புள்ளிக்கு இறங்கியது. முதல் சுற்றில் தட்டைக் குச்சி குத்தி இரண்டு கவர் காற்றிறங்கியது. ஒரு பார்சல் டிப்போவிலேயே இரண்டு நாள் கிடந்தது. கவர் எடை எழுதியிருந்ததால் மூன்றும் பிடிபட்டன. இப்போது இரட்டைக் கவர் போடுகிறார்கள்.

எதிர்பாராத தலைவலி வாட்ஸ்ஆப். முடிவு அனுப்பக் கடைசித் தேதிக்கு முன் குழுவில் "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேள்வி போட, நான்கு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சுற்றின் சிதறல் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தது. கண்டிப்பதற்குப் பதில் அடுத்த சுற்றில் புரதம் ஒன்றரைப் புள்ளி வித்தியாசமுள்ள இரண்டு தொகுப்புகளைத் தயார் செய்து, யாருக்கு எது என்று தெரியாமல் கலந்து அனுப்பினார்கள். பக்கத்து லேபைப் பார்த்து எழுதியவர் இசட் 3க்கு மேல் போனார். கேள்வி நின்றுவிட்டது.

இனி மாற வேண்டியவை

முடிவு வந்ததும் பாக்கெட் தயாரித்த வரிசைப்படி ஒரு வரைபடம் போடுவது ஐந்து நிமிட வேலை. இப்போது ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலும் அது இருக்கிறது. இரண்டு சுற்று தொடர்ந்து தோற்கும் லேபுக்குத் தோல்விக் கடிதம் அனுப்பும் முன், அந்த லேபின் மற்ற மூன்று அளவீடுகளையும் சேர்த்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. தோற்ற லேப் பெருக்கு எண் போட்டுச் சரிக்கட்டியதா என்று கேட்டுவாங்க இன்னும் நடைமுறை இல்லை. எண் 19இன் திருத்திய அறிக்கைகளில் எத்தனை வாடிக்கையாளரைச் சேர்ந்தன என்பதைச் சங்கம் கேட்டும் முழுப் பதில் வரவில்லை. தண்டனை அதிகாரம் இல்லாத சங்கம் அதற்கு மேல் போக முடியவில்லை.

பூசண நச்சான அஃப்ளாடாக்ஸினுக்கு ஒரு சுற்று வேண்டும் என்று கோழித்தீவன ஆலைகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இலைத்தூளைவிட இது மோசமாகப் பிரியும்; மூட்டை மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்த சில மணிகளில் மட்டும் நச்சு குவிந்திருக்கும். தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்துப் பிரிக்கும் பெரிய மிக்ஸரும், அதில் பத்து பாக்கெட் ஒருமைச் சோதனைக்கான செலவும் கைக்கு வரும்வரை அந்தச் சுற்று இல்லை என்றே அலுவலகம் பதில் எழுதுகிறது.